பெரியம்மாவோடு பொகோட்டா: முதல் தடவை போகிறவர்களுக்கு

தொட்டபெட்டா உச்சியின் உயரம் 2,637 மீட்டர். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா இருப்பது 2,640 மீட்டரில். நாம் உச்சிக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு இறங்கிவிடுவோம். இங்கே அதே உயரத்தில் முக்கால் கோடிக்கும் அதிகமான பேர் குடியிருக்கிறார்கள். நான் வேலைக்காக அங்கே இருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து பெரியம்மா வந்து மூன்று வாரம் தங்கினார். வயது 63, தமிழ் மட்டும்தான் தெரியும். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக, அப்போது நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: இரண்டு நாள் ஊர் சுற்றாதீர்கள்

நான் தவறு செய்தது இங்கேதான். வந்த மறுநாளே பழைய நகரமான லா கான்டெலாரியாவுக்குக் கூட்டிப்போனேன். நாலு தெரு ஏறுவதற்குள் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கி, தலை வலித்து, ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. உடம்பு அதற்குப் பழகும்வரை நிறையத் தண்ணீர், அளவான சாப்பாடு, சமதளத்தில் கொஞ்சம் நடை, அவ்வளவு போதும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தலைவலி தணியாமல் கூடிக்கொண்டே போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஸ்வெட்டரும் குடையும் எப்போதும் பையில் இருக்கட்டும். சராசரி வெப்பம் 14 டிகிரிதான், வெயில் அடிக்கும்போதே மழை வந்துவிடும்.

படி 2: தெரு எண்களைச் சொல்லிக்கொடுங்கள்

பொகோட்டாவின் கிழக்கு ஓரம் நெடுக மலை. அந்த மலைத்தொடருக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடுவது கர்ரேரா, மலையை நோக்கிக் குறுக்கே போவது காயே. பெரும்பாலும் எண்கள்தான் தெருக்களின் பெயர். மையப் பகுதியில் வடக்கே போகப் போக காயே எண் கூடும். மலையை விட்டு மேற்கே விலக விலக கர்ரேரா எண் கூடும்.

இப்போது ஒரு முகவரியைப் படிப்போம். பொத்தேரோ அருங்காட்சியகம் இருப்பது காயே 11, எண் 4-41. அதாவது 11ஆம் காயேயில், 4ஆம் கர்ரேரா முனையிலிருந்து சுமார் 41 மீட்டர் தள்ளி. வீட்டு எண்ணே தூரத்தையும் சொல்லிவிடுகிறது! இதை ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினேன். பெரியம்மா பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். ஸ்பானிஷ் தெரிய வேண்டாம், எண்ணும் மலையும் தெரிந்தால் போதும்.

பழைய நகரத்தில் இன்னொரு உபயோகமும் உண்டு. கர்ரேரா எண் குறைகிறது என்றால் மலைப்பக்கம் போகிறோம், அப்படியென்றால் ஏற்றம். மூச்சு வாங்கப் போகிறதா என்று கிளம்பும் முன்பே தெரிந்துவிடும்.

படி 3: மேட்டில் இறங்கி, பள்ளத்தை நோக்கி நடங்கள்

முதல் தடவை பட்ட பாட்டுக்குப் பிறகு நான் போட்ட வழி இது. டாக்ஸியில் நேரே பொத்தேரோ அருங்காட்சியகம் போய்விடுங்கள். தெருவில் கை காட்டி வண்டி பிடிக்காமல் செயலியில் அழைப்பது நல்லது. ஓவியர் பெர்னாந்தோ பொத்தேரோ தன் படைப்புகளையும் தான் சேகரித்தவற்றையும் நாட்டுக்குக் கொடுத்து உருவான இடம், கட்டணம் இல்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. அவர் வரைந்த பூசினாற்போன்ற உருவங்களை ரசிக்க யாருக்கும் முன்னுரை தேவைப்படாது.

அங்கிருந்து இறக்கத்தில் நடந்தால் பொலிவார் சதுக்கம். அப்புறம் வாகனம் வராத 7ஆம் கர்ரேராவில் வடக்கே காயே 16 வரை போனால் பக்கத்திலேயே தங்க அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை, ஞாயிறு இலவசம். முயிஸ்கா என்ற பூர்வகுடி மக்களின் தங்கத் தெப்பத்தைத் தவறவிடாதீர்கள். 1969இல் ஒரு குகையில் கிடைத்தது, ஒரு சாண் நீளம்கூட இல்லை. தலைவனும் துணைவர்களும் அதற்குள் நிற்கிறார்கள், எல்லாம் கம்பி கம்பியாக. நகைக்கடையில் கல்லையும் செய்கூலியையும் கேள்வி கேட்டே பழகிய பெரியம்மா, அங்கே ஒரு வார்த்தை பேசாமல் கால் மணி நேரம் நின்றார்.

படி 4: சாப்பாட்டுக்கு நாலு சொல்

சைவம் என்றால் 'சின் கார்னே' (இறைச்சி வேண்டாம்) மட்டும் போதாது. அதை மாட்டிறைச்சி என்று மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. 'சின் போயோ' (கோழி), 'சின் ஹமோன்' (பதப்படுத்திய பன்றி இறைச்சி) இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊரின் பெருமையான அஹியாக்கோ சூப்பில் கோழித் துண்டை எடுத்துவிட்டாலும் குழம்பு கோழிச்சாறுதான். பாலாடைக்கட்டி வைத்த அரேப்பா என்ற சோள ரொட்டி, வறுத்த சின்ன மஞ்சள் உருளைக்கிழங்கு, முள் சீத்தாப்பழச் சாறு எல்லாம் நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

ஒரு நாள் அகுவாபனேலா வாங்கிக் கொடுத்தேன். அகுவா தண்ணீர், பனேலா வெல்லம். கரும்புச் சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றிய நம் வெல்லமேதான், சூடாகக் கரைத்துத் தருகிறார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "சுக்கு போடாத பானகம், கண்ணு" என்றார்.

படி 5: பப்பாளி கொடுக்காதீர்கள்

'நோ தார் பபாயா' என்பது கொலம்பியர்கள் அடிக்கடி சொல்லும் எச்சரிக்கை. திருடனுக்கு வாய்ப்பை நீயே நீட்டாதே என்று பொருள். பெரியவர்களின் தங்கச் சங்கிலி, வளையல் எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும். செல்போனைக் கடைக்குள் போய் எடுத்துப் பாருங்கள்.

படி 6: மொன்செராத்தே கடைசி வாரத்தில்

நகரத்தை ஒட்டிய இந்தக் குன்று 3,152 மீட்டர். உடம்பு பழகிய பிறகே போங்கள். படிக்கட்டுப் பாதை வேண்டாம், 1929 முதல் ஓடும் இழுவை ரயிலோ, 1955இல் வந்த கம்பிவடப் பெட்டியோ போதும். மேலே கிறிஸ்தவத் தேவாலயம் இருக்கிறது, கீழே நகரம் முழுதும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஞாயிறு காலை 7 முதல் 2 வரை பெரிய சாலைகளில் வாகனங்களை நிறுத்தி சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுவார்கள். 1974இல் தொடங்கிய வழக்கம், சிக்லோவியா என்று பெயர். கடைசி ஞாயிறு அந்தச் சாலையில் நடந்தபோது வீட்டுக்குத் திரும்பும் வழியை நான் செல்போனில் தேடினேன். பெரியம்மா என் கையைப் பிடித்து இறக்கினார். "அதை உள்ளே வை. மலை வலது பக்கம் இருக்குது, அப்ப வடக்கே போறோம். இன்னும் ஆறு காயே."