கிறிஸ்தவக் கதை எழுதக்குள்ள நம்ம ஆக்கள் விடுற பிழைகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கிறிஸ்தவக் கதை எழுதுற தம்பி தங்கச்சிமார் வாசிக்கச் சொல்லித் தாற கதைகள்ல திரும்பத் திரும்ப ஒரே பிழைகளைப் பாக்கிறன், அதுல முக்காவாசிக்கு அடியில இருக்கிறது அவசரம்தான். ஆள் அழத் தொடங்க முதலே ஆண்டவரைக் கூட்டிட்டு வந்து கண்ணைத் துடைச்சு விட்டுடுறாங்க.

ஒரு உதாரணம் சொல்றன். களுவாஞ்சிகுடியில ஒரு அம்மா, மகன் கட்டாருக்குப் போய் மூணு மாசமா காசும் இல்ல போனும் இல்ல. முதல் பக்கம் அவ அழுறா, ரெண்டாம் பக்கம் பாஸ்டர் வந்து வசனம் சொல்லி ஜெபிக்கிறார், மூணாம் பக்கம் போன் அடிக்குது, மகன்தான், கதை முடிஞ்சு. இதை வாசிக்கிற இன்னொரு தாய், மகன்ட போன் இன்னும் வராத தாய், என்ன நினைப்பா? எண்ட ஜெபத்தில என்ன குறையோ எண்டுதானே நினைப்பா. ஆறுதல் சொல்ல எழுதின கதை அவவைப் போட்டு நோகடிச்சிடும்.

அதே அம்மாவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சு கடைக்குக் குடுக்கிறவ எண்டு வைங்க. அடுப்புப் பத்த வைக்கக்குள்ள அவ கேக்கிறது "ஆண்டவரே, இண்டைக்கு இந்தக் கரண்ட் பில்லுக்கு மட்டும் ஒரு வழி காட்டுங்க", அவ்வளவுதான். மூலையில பிடியரிசி டப்பா இரிக்கி, உலையில போட முதல் ஒவ்வொரு நேரமும் ஒரு பிடி கோயிலுக்கு எண்டு எடுத்து வைக்கிற அரிசி. ஒரு நாள் ராவு வீட்டில அரிசி முடிஞ்சு, சின்னவள் பசிக்குது எண்டுறாள், இவ அந்த டப்பாவைத் திறந்து ஒரு சுண்டு அளந்து எடுத்துச் சமைச்சிட்டு, எடுத்த அளவைக் கலண்டர்ல பென்சிலால குறிச்சு வைக்கிறா, திருப்பி வைக்கோணுமே. விசுவாசம், வெக்கம், பசி மூணும் அந்தக் குறிப்புலயே வந்திட்டு, பாஸ்டர் படியேறத் தேவையே இல்ல.

பைபிள்லயும் எல்லாம் அவசரமா முடியல்ல. சங்கீதம் 88 இருட்டுக்குள்ளயே முடியுது. லூக்கா 15ல கெட்ட குமாரன் வந்திட்டான், ஆனா கோபத்தில வெளிய நிண்ட மூத்தவன் உள்ளுக்குப் போனானா இல்லயா எண்டு இயேசு சொல்லவே இல்ல. ரூத் கதையை எடுங்க, கடல் பிளக்கல்ல, தேவதூதன் வரல்ல, கதிர் பொறுக்கிறதும் மாமியைப் பாக்கிறதும்தான் கதை. வெல்லாவெளியிலயும் அக்கரைப்பற்றிலயும் வேளாண்மை வெட்டுப் பாத்த நமக்கு அது விளங்காம இருக்குமா?

மறுகா பேச்சு. திருக்கோவில்ல ஒரு அம்மம்மா, "மகனே, கர்த்தர் உன்னை ஒருபோதும் கைவிடுவதில்லை" எண்டு அச்சடிச்ச மாதிரிக் கதைக்கமாட்டா. "பயப்பிடாத மனே, ஆண்டவர் பாத்துக்குவார், முதல் சோத்தைத் தின்" எண்டுதான் சொல்லுவா. அந்தச் சோத்துக்குள்ளயும் வசனம் இரிக்கி.

சபையளைக் கலந்து அடிக்கிறதும் பெரிய பிழை. கத்தோலிக்க வீட்டில மாதா சுரூபம் இருக்கும், ராவைக்கு செபமாலை சொல்லுவாங்க. மெதடிஸ்த வீட்டில அது இருக்காது. பெந்தெகொஸ்தே குடும்பங்கள் கனபேர் நகை போடுறதில்ல, அப்ப அந்த வீட்டுப் பொம்பிளை தாலிக்கொடியை அடகு வைக்கிற மாதிரி எழுதினா கதை அங்கேயே விழுந்திடும். போர்த்துக்கீசக் கிரியோல் பேசுற பறங்கியர் குடும்பங்களும் நம்ம ஊர்ல இரிக்கி, அவங்களைக் கதைக்குள்ள ஒருத்தரும் கூப்பிடுறதே இல்ல, எனக்கு அது சரியான கவலை.

ஊரையும் காலத்தையும் பாருங்க. இங்க நத்தார் எண்டா மாரி மழை, சேத்துக்குள்ள கரோல் பாடப் போற பெடியள், கதையில கொட்டுற பனி எங்கயிருந்து வருது? பழைய காலக் கதையெண்டா இன்னும் கவனம். 1915ல நடக்கிற கதையில கதாநாயகன் கல்லடிப் பாலத்தில சைக்கிள் ஓடினா என்ன செய்யிற, அந்தப் பாலம் 1924லதான் வந்தது. முதல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814ல மட்டக்களப்புக்கு வந்து அடுத்த வருசமே இறந்திட்டார், அவரை வயசானவராக் காட்டக்கூடாது.

இனி சொல்லப்போறது எல்லாத்தையும் விடப் பாரமான விசயம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயித்துக்கிழமை. கோயிலுக்குப் போன குடும்பம் தப்பிட்டு, போகாத குடும்பத்தைக் கடல் கொண்டு போய்ட்டு எண்டு தயவுசெய்து எழுதாதீங்க. நாவலடியிலயும் கல்முனைக் கரையிலயும் சைவம், இஸ்லாம், வேதம் (கிறிஸ்தவம்) எண்டு பாத்தா கடல் வந்திச்சு? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தப்போ, அவங்க மத்தவங்களை விடப் பாவிகள் எண்டு நினைக்காதீங்க எண்டு இயேசுவே லூக்கா 13ல சொல்லிட்டார். அதே மாதிரிதான் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அண்டைக்குக் குண்டு வெடிச்ச மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் போன இடம் அது. அந்தத் தாய் தகப்பன்மார் இதே ரோட்டாலதான் இண்டைக்கும் போறாங்க, சின்ன ஊர், யாரைப் பத்தின கதை எண்டு எல்லாருக்கும் தெரியும். கதைக்கு ஒரு உச்சக்கட்டம் வேணும் எண்டதுக்காக அதை எடுக்கக்கூடாது. எழுதியே ஆகோணும் எண்டா முதல் போய் அவங்களிட்டக் கேளுங்க, வேணாம் எண்டா விட்டிடுங்க. சபையில சொல்ற சாட்சிகளும் அப்படித்தான், அது அவங்கட சொத்து.

பக்கத்து வீட்டுச் சைவக்காரரை மனம் திருப்புறதுக்கு எண்டே கதையில வைக்கிறதும் வேணாம். பொங்கலுக்கு அவங்கட சக்கரைப் பொங்கல் நமக்கு வருது, நத்தாருக்கு நம்மட கேக் அங்க போகுது, அம்மா சைவம் அப்பா வேதம் எண்டு ஒரே வீட்டுக்குள்ளயும் இரிக்கி. அந்த மனிசருக்கும் கவலை, கோபம், பகிடி எல்லாம் குடுங்க.

"இது ஆண்டவர் தந்த கதை, ஒரு எழுத்தும் மாத்த ஏலாது" எண்டு சிலர் சொல்லுவாங்க. லூக்கா என்ன சொல்றார்? தொடக்கத்தில இருந்து எல்லாத்தையும் கவனமா விசாரிச்சு, ஒழுங்கா எழுதுறன் எண்டுதான் முதல் அதிகாரத்திலயே சொல்றார். ஆவியால எழுதினவரே விசாரிச்சார், நாம ரெண்டு தரம் வெட்டித் திருத்தினா என்ன? அபிஷேகம் வந்தாத்தான் எழுதுவன் எண்டும் இருக்காதீங்க, பிள்ளையள் டியூசனுக்குப் போற அந்த ஒரு மணித்தியாலம் போதும்.

எழுதி முடிச்சாப் பிறகு சபைக்காரரிட்ட மட்டும் குடுக்காம பக்கத்து வீட்டு அக்காட்டயும் குடுங்க, எந்தப் பக்கத்தில வாசிக்கிறதை விட்டிட்டு எழும்பிப் போனீங்க எண்டு கேளுங்க. அநேகமா நீங்க பிரசங்கம் தொடங்கின இடமாத்தான் இருக்கும். அதை வெட்டிட்டு, அந்த நேரம் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்திச்சு எண்டு எழுதிப் பாருங்க.