காரில் சிக்னல் வேண்டுமா? பூஸ்டர் பெட்டியை விடுங்கள், இதைச் செய்யுங்கள்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் 22 வருடமாகக் காருக்கு ஸ்டீரியோ, கேமரா, ஆன்டெனா மாட்டுகிறேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சத்தியமங்கலம், கோபி, கோயம்புத்தூர் பக்கம் கிளம்புகிற நம்மவர்கள். "அண்ணா, திம்பம் மலை ரூட்டுல போன் சுத்தமா செத்துப் போகுது, பூஸ்டர் ஒண்ணு மாட்டிக் குடுங்க" என்பார்கள். எவ்வளவு காசு கொடுத்தாலும் நான் மாட்டுவதில்லை.

நம் நாட்டில் மொபைல் பூஸ்டரை, அதாவது போன் சிக்னலைப் பெருக்கும் பெட்டியை, விற்பதும், வைத்திருப்பதும், பயன்படுத்துவதும் சட்டப்படி தப்பு. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மட்டுமே அதை வைக்கலாம். தொலைத்தொடர்புத் துறை 2022இல் இதை அறிவிப்பாகவே வெளியிட்டது. ஆன்லைனில் கிடைக்கிறதே என்று கேட்காதீர்கள். தரமில்லாத பூஸ்டர் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கி டவர் மேல் வீசும். டவருக்கு அதற்குப் பிறகு தூரத்துப் போன்களின் மெல்லிய சத்தம் கேட்காது. உங்கள் போனில் கோடு நிறையும்போது, பக்கத்து ஊரில் ஆம்புலன்ஸுக்கு முயற்சி செய்கிறவருக்கு லைன் கிடைக்காமல் போகலாம்.

போன பொங்கலுக்கு முன்னால் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய அக்கா வாங்கி அனுப்பிய பெட்டி கையில். நல்ல சாமான்தான். அந்த ஊரில் 2014 முதல், அரசு விதிப்படி சான்று பெற்ற பூஸ்டர்களை மட்டுமே விற்கலாம். வாங்கியவர் தன் போன் கம்பெனியிடம் பதிவு செய்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் அலைவரிசை வேறு. அமெரிக்காவில் 1930 முதல் 1990 மெகாஹெர்ட்ஸ் வரை டவரிலிருந்து போனுக்கு இறங்கும் பாதை. நம் ஊரில் 1920 முதல் 1980 வரை போனிலிருந்து டவருக்கு ஏறும் பாதை. ஒருவழிச் சாலையில் எதிரே வண்டி விடுகிற கதை. பெட்டியைப் பிரிக்காமல் அக்காவுக்கே திருப்பி அனுப்பச் சொன்னேன். அங்கே மாட்டும்போது வெளி ஆன்டெனாவைக் கூரையின் நடுவில் வைத்து, உள் ஆன்டெனாவை அதிலிருந்து முடிந்தவரை தள்ளி, தாழ்வாக வைக்கச் சொல்லுங்கள் என்றேன். இரண்டும் கிட்டே இருந்தால் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் பிடித்தது போல் ஊளையிட்டு, பெட்டி தானே அடங்கிவிடும்.

சரி, நாம் என்ன செய்வது? முதலில் அளந்து பாருங்கள். போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கணக்கில் காட்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் டிபிஎம் என்று மைனஸில் ஓர் எண் இருக்கும், அதுதான் சிக்னல் பலத்தின் அளவு. ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்யுங்கள். 4ஜியில் மைனஸ் 85 நல்லது, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 115 தாண்டினால் பேச்சு அறுபடும். மூன்று குறைந்தால் சக்தி பாதி, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு.

காரை ஓரமாக நிறுத்தி, ஒருமுறை கியருக்குப் பக்கத்துப் பள்ளத்தில் போனை வைத்தும், ஒருமுறை டாஷ்போர்டு மேல் கண்ணாடியை ஒட்டி வைத்தும் பாருங்கள். எண் மாறும். கார் ஒரு தகரப் பெட்டி, அலை வருவது கண்ணாடி வழியாகத்தான். முந்நூறு ரூபாய் ஹோல்டர் பல பேருடைய குறையைத் தீர்த்திருக்கிறது. உலோகம் கலந்த சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதையும் உரித்துவிடுங்கள், அது கண்ணாடியையும் தகரமாக்கிவிடும்.

அதுவும் போதாதவர்களுக்கு நான் செய்து தருவது 4ஜி ரவுட்டர். சிம் போட்டு, 12 வோல்ட்டில் ஓடுகிற, வெளி ஆன்டெனா மாட்ட இரண்டு எஸ்எம்ஏ முனை (ஆன்டெனா கேபிளைத் திருகி மாட்டும் முனை) உள்ள ரவுட்டராகப் பாருங்கள். இது பூஸ்டர் இல்லை, போனைப் போல இதுவும் டவரோடு பேசும் ஒரு கருவி, அவ்வளவுதான். காருக்குள் வைஃபை கொடுக்கும். போனில் வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டால் பேச்சும் அதன் வழியே போகும்.

ஆன்டெனா தகரக் கூரையின் நடுவில் இருக்க வேண்டும், சுற்றிலும் உள்ள உலோகம்தான் அதற்குப் பலம். கேபிள் மூன்று மீட்டருக்குள் முடியட்டும். நீளம் கூடக் கூட, கூரையில் கிடைத்தது வழியிலேயே கரையும். மீதிக் கேபிளைச் சுருட்டி சீட்டுக்கடியில் திணிக்காதீர்கள், அளந்து வாங்குங்கள்.

கேபிளை உள்ளே கொண்டுவரும் இடத்தில் பொறுமை வேண்டும். கதவு இடுக்கில் நசுக்கி விடாதீர்கள், பின்கதவு ரப்பர் குழாய் வழியாக இழுங்கள். உள்ளே நுழைவதற்கு முன் கேபிள் ஒரு வளைவாகக் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். இதை விட்டதால் மழைக்காலத்தில் கூரைத் துணி ஊறிப்போய் வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். முன் கண்ணாடித் தூணுக்குள் கேபிள் போனால், ஏர்பேகுக்குப் பின்னால்தான் போக வேண்டும், அதன் குறுக்கே ஒருபோதும் கூடாது. ஏர்பேக் விரியும்போது குறுக்கே கிடக்கும் கேபிள் அதைத் தடுக்கும், இல்லை முகத்தில் அடிக்கும். தூண் மேல் ஏர்பேக் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கை வையுங்கள்.

கரண்டைச் சாவி திருப்பினால் வரும் லைனிலிருந்து, 2 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு எடுங்கள். எப்போதும் கரண்ட் வரும் லைனில் கொடுத்தால் பேட்டரி இறங்கி, ஊரில் நான்கு நாள் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ரவுட்டருக்கு வேறு கம்பெனி சிம் போடுங்கள். போனில் இருக்கும் அதே கம்பெனி சிம் என்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் படுக்கும்.

அலையே இல்லாத இடத்தில் எந்த ஆன்டெனாவும் எடுக்காது. ஆசனூர் தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மலை மறைத்தால் மறைத்ததுதான். அதனால் மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். சாம்ராஜ்நகர் தாண்டும்போதே வீட்டுக்கு ஒரு போன் போட்டு, பண்ணாரி வந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நடுவில் அவசரம் என்றால் 112 போடுங்கள். உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் அங்கே வேறு கம்பெனி டவர் இருந்தால் அதன் வழியே போகும். வளைவில் வண்டியை நிறுத்த வேண்டாம், இடம் இருக்கிற பக்கம் ஒதுக்கி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.