பூச்சிகளை நெருங்கிப் படமெடுப்பவர்களே, எஃப் 32 பக்கம் போகாதீர்கள்

சென்ற மாதம் நண்பரின் மாடித் தோட்டத்தில், புதிதாக மேக்ரோ லென்ஸ் (மிக நெருங்கிப் படமெடுக்கும் லென்ஸ்) வாங்கிய மூன்று இளைஞர்களோடு ஒரு காலைப் பொழுதைக் கழித்தேன். தொடக்கத்தில் நான் செய்த தவறுகளை மூவரும் அப்படியே செய்தார்கள். கை நடுக்கம், துடைக்காத லென்ஸ் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

அப்பர்ச்சரைக் கடைசி எண்வரை மூடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. அப்பர்ச்சர் என்பது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை. அதன் எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும், ஃபோகஸில் நிற்கும் ஆழம் கூடும். பூச்சியின் உண்மையான அளவே கேமராவின் சென்சாரில் (ஒளியைப் பதியும் தகட்டில்) விழும் 1:1 நிலையில், எஃப் 11 வைத்தாலும் ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர் ஆழம்தான் ஃபோகஸில் நிற்கும். கண் தெளிந்தால் சிறகு மங்கும். உடனே கை தானாக எண்ணைக் கூட்டுகிறது: 16, 22, 32. கேமராவின் சிறிய திரையில் பூச்சி முழுவதும் தெளிவாகத் தெரிகிறது. ஏமாறுவது அங்கேதான்.

துளை சிறுத்தால் ஒளி அதன் ஓரத்தில் வளைந்து பரவும். பள்ளியில் படித்த விளிம்பு விளைவுதான். அதோடு 1:1 நிலையில் அப்பர்ச்சர் எண் நடைமுறையில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எஃப் 32 என்று வைத்தால் எஃப் 64 போலத்தான் வேலை செய்யும். அப்போது ஒரு புள்ளி ஒளி, சென்சாரில் 0.08 மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான வட்டமாகப் படிகிறது. வண்ணத்துப்பூச்சியின் சிறகுச் செதிலோ நீளத்திலேயே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான், அகலம் அதைவிடக் குறைவு. செதில்களெல்லாம் குழைந்து, சிறகு மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

எங்கள் வீட்டு எலுமிச்சைச் செடியில் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றைப் பதினொரு நாட்கள் காத்தேன். கூடு கறுத்து, உள்ளே சிறகின் மஞ்சள் திட்டுகள் தெரிந்தன. மறுநாள் விடியலில் கூடு பிளந்தது. கசங்கிய சிறகுகளுக்குள் உடல்நீரைச் செலுத்தி அது மெல்ல மெல்ல விரித்ததை மூச்சடக்கி 140 படங்கள் எடுத்தேன். அத்தனையும் எஃப் 32. எண் கூடினால் கூர்மையும் கூடும் என்று லென்ஸ் விற்றவர் சொன்னதை நம்பியிருந்தேன். பெரிதாக அச்சிட்டுப் பார்த்தபோது ஒரு செதில்கூட இல்லை. அந்தச் செடியில் அடுத்து வந்த கூட்டுப்புழுவை ஒட்டுண்ணிக் குளவி தின்றுவிட்டது.

எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11. அதற்குமேல் வேண்டாம். (நிக்கான் கேமராக்கள் இரட்டித்த எண்ணையே திரையில் காட்டும், அங்கே 22 என்று தெரிந்தால் பயப்படாதீர்கள்.) ஆழம் போதவில்லையா, உங்கள் இடத்தை மாற்றுங்கள். சிறகின் பரப்புக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால் அந்த ஒன்றேகால் மில்லிமீட்டரே பெரும்பாலும் போதும். அசையாத பூச்சி என்றால், ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக இணைக்கலாம்.

ஃபிளாஷை நேராக அடிப்பது

பொறிவண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழும். நடுவே டிரேசிங் தாளைப் பிடியுங்கள், பூச்சிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில்.

பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மரக்கச் செய்வது

கூடாது.

பகலில் துரத்துவது

நீலப்பட்டைத் தேனீயைப் பகலில் துரத்தினால் பூவில் ஒரு நொடி நிற்காது. பொழுது சாய்ந்ததும் ஆண் தேனீக்கள் மெல்லிய தண்டுகளைத் தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கித் தூங்கும். பெரும்பாலும் மறுநாளும் அதே தண்டுக்கே வரும். காற்று அடங்கிய விடியலில், அவை விழிக்குமுன் போய் உட்காருங்கள். எங்கள் தோட்டத்தில் காய்ந்துபோன துளசித் தண்டு ஒன்றை அவற்றுக்காகவே வெட்டாமல் விட்டிருக்கிறேன். நேற்று மாலை அதில் ஐந்து இருந்தன.