லோகோவை வெக்டராக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லோகோ படத்தை வெக்டராக, அதாவது பிக்சல்களுக்குப் பதில் எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத கோடுகளாக, மாற்ற இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைக் கற்றுக்கொள்ளும் சிலர் தங்கள் கோப்புகளை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். திறந்தால், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள். வெள்ளைப் பின்னணியை நீக்க மறப்பது போன்றவை தாமாகவே கண்ணில் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எழுத்தையும் வட்டத்தையும் ட்ரேஸ் செய்வது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். படத்தைத் தானாகவே கோடுகளாக்கும் ட்ரேஸ் பிட்மேப் வசதிக்கு வட்டம் எது, எழுத்து எது என்று தெரியாது. கறுப்பு எங்கே முடிகிறது என்று விளிம்பைத் தேடிப் போகும், அவ்வளவுதான். பிக்சல் படிக்கட்டும் ஜேபெக் அழுக்கும் சேர்ந்தே கோடாகிவிடும். திரையில் சிறிதாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

ஒரு வட்ட முத்திரை லோகோவை இப்படித்தான் முடித்துக் கொடுத்தேன். கையில் இருந்தது 300 பிக்சல் அகலப் படம். பெரிய பலகைக்கு ஸ்டிக்கர் வெட்டியபோது கத்தி புள்ளிக்குப் புள்ளி தயங்கியது. வட்டத்தின் ஓரம் எலி கடித்தது போல வந்தது. ஷீட் முழுக்க வீண், செலவு என்னுடையது. அதைவிட, வாடிக்கையாளர் "இது எங்க எழுத்தே இல்லையே" என்று சொன்னதுதான் வலித்தது.

அப்புறம் நான் மாற்றிக்கொண்ட வழி இது. மூலப் படத்தை அடி லேயரில் மங்கலாக்கிப் பூட்டுங்கள். வட்டத்தை வட்டக் கருவியாலேயே வரையுங்கள். அதைப் பாத், அதாவது புள்ளிகளை இணைக்கும் கோடு, ஆக்கினாலும் அதில் 4 புள்ளிகள்தான் இருக்கும். நான் ட்ரேஸ் செய்த வட்டத்தில் 180ஐத் தாண்டியிருந்தது. எழுத்துக்கு முதலில் அதே ஃபான்ட்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பென் கருவியை எடுத்து, வளைவின் மேல், கீழ், இட, வலக் கோடிகளில் மட்டும் புள்ளி வைத்து வரையுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் எத்தனை அடிக்குப் பெரிதாக்கினாலும் கோடு நிற்கும்.

தூரிகைக் கோடு, கையெழுத்து போன்றவற்றுக்கு ட்ரேஸ் சரி. அங்கே ஒழுங்கின்மைதான் அழகு.

கண்ட்ரோல் எல் அழுத்திக்கொண்டே போவது

இது கோட்டை எளிமையாக்கும் கட்டளை. புள்ளிகள் குறையும், கூடவே மூலைகளும் மழுங்கும். வேகமாக அடுத்தடுத்து அழுத்தினால் ஒவ்வொரு முறையும் விளைவு கடுமையாகும். ஒரு தடவை அழுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பல வண்ண ட்ரேஸில் ஸ்டாக்கை மறப்பது

ட்ரேஸ் பெட்டியில் உள்ள ஸ்டாக் தேர்வைப் போட்டால் வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படும். அச்சுக்கு நல்லது, இடைவெளி தெரியாது. ஸ்டிக்கர் வெட்டக் கொடுத்தால், மறைந்திருக்கும் அடுக்கின் விளிம்பையும் கத்தி வெட்டிவிடும்.

பிஎன்ஜியை உள்ளே இழுத்துப்போட்டு எஸ்விஜியாகச் சேமிப்பது

அது வெக்டர் இல்லை.

ஃபான்ட்டைப் பாத் ஆக்காமல் அனுப்புவது

அனுப்பாதீர்கள்.

மூலக் கோப்பைக் கேட்காமலே தொடங்குவது

பழைய பிடிஎஃப் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல நேரம் அதற்குள்ளேயே வெக்டர் லோகோ இருக்கும். இங்க்ஸ்கேப்பில் திறந்து வெளிக்கோட்டுப் பார்வைக்கு மாற்றுங்கள். வெறும் பெட்டி தெரிந்தால் அது படம். எழுத்தின் கோடுகள் தெரிந்தால் நீங்கள் எதையும் வரையவே வேண்டாம்.