மலையூரில் குறும்படத் திரையிடல்: படத் தேர்வு முதல் பனிமூட்டம் வரை

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் படம் போட்டால், முன்வரிசையில் படுகர் வீட்டுப் பாட்டி இருப்பார். அடுத்து, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பேரன். கதவோரம் வீட்டில் மலையாளமோ கன்னடமோ பேசும் கடைக்காரர். தமிழ் எல்லோருக்கும் புரியும். ஓடுகிற சப்டைட்டிலைப் படித்து முடிக்கத்தான் எல்லோராலும் ஆகாது. அதனால் முதல் திரையிடலுக்கு வசனம் இல்லாத, அல்லது மிகக் குறைந்த படங்களையே எடுங்கள்.

எடுத்த எடுப்பில் பரிந்துரைக்கக் கூடியது சத்யஜித் ரே 1964இல் எடுத்த 'டூ'. கால் மணி நேரம், ஒரு வசனம் கிடையாது. மாடி ஜன்னலில் பணக்காரப் பையன், கீழே குடிசைப் பையன். புல்லாங்குழலுக்கு எதிராக பொம்மை ஊதுகுழல், பட்டத்துக்கு எதிராக ஏர்கன். மேட்டில் பங்களா, பள்ளத்தில் தொழிலாளர்களின் லைன் வீடு என்று எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேமரா கோணத்தை யாரும் விளக்க வேண்டாம். மேலிருந்து பார்ப்பதும் அண்ணாந்து பார்ப்பதும் அவர்கள் தினமும் செய்வது. இந்தப் படம் இங்கே ஆழமாக இறங்குவதற்கு அதுவே காரணம்.

அடுத்து, ஈரானின் அப்பாஸ் கியாரொஸ்தமியின் முதல் படமான 'பிரெட் அண்ட் ஆலி' (1970). ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவனை ஒரு நாய் சந்தில் வழிமறிக்கிறது, அவ்வளவுதான் கதை. பள்ளி விட்டு ஒற்றையடிப் பாதையில் வரும் பிள்ளைகள், காட்டெருமை நிற்கிறதா என்று எட்டிப் பார்த்து, பெரியவர் யாராவது வந்தால் கூட ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள். படத்தில் அந்தப் பையனும் அதையேதான் செய்கிறான். குழந்தைகள் அதிகம் வரும் கூட்டமென்றால் இதைத் தவற விடாதீர்கள்.

கனடாவின் நார்மன் மெக்லாரன் 1952இல் எடுத்த 'நெய்பர்ஸ்' எட்டு நிமிடம். வேலியோரம் முளைத்த ஒரு பூவுக்காக அடித்துக்கொள்ளும் இருவர். எல்லைக்கல் தகராறு இல்லாத ஊர் எது? ஆனால் இதில் மனைவி, குழந்தையைத் தாக்கும் காட்சி உண்டு. சிறுபிள்ளைகள் இருந்தால் வேண்டாம்.

உள்ளூர்ப் படம் வேண்டுமென்றால் முதுமலை தெப்பக்காட்டில் எடுக்கப்பட்டு 2023இல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' இருக்கிறது. ஏறத்தாழ 40 நிமிடம். கூடலூர், பந்தலூரில் போடுவதாக இருந்தால், யானையால் வாழைத்தோட்டம் இழந்தவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். படத்துக்குப் பிறகு அவர்கள் பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் திரையிடல் பாதிதான் நடந்ததாக அர்த்தம்.

ஒரு நிகழ்ச்சிக்கு மொத்தப் படநேரம் 60 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தாமதமாக வருபவர்களுக்காக முதலில் ஒரு சின்னப் படம். மனதைப் பிசையும் படம் இரண்டாவதாக. அதைக் கடைசியில் வைத்தால், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அனுமதி

இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பது வேறு, பொது இடத்தில் திரையிடும் உரிமை வேறு. வீட்டு ஓடிடி கணக்கை வைத்துக் கூடத்தில் போடக் கூடாது. இயக்குநருக்கோ உரிமை வைத்திருப்பவருக்கோ தேதி, இடம், எத்தனை பேர், கட்டணம் உண்டா இல்லையா என்ற நான்கையும் எழுதிக் கேளுங்கள். சப்டைட்டில் சேர்ப்பதானால் அதற்கும் அப்போதே அனுமதி கேட்டுவிடுங்கள்.

கூடமும் படமும்

ஞாயிறு மதியம் 3 மணி சரியான நேரம். 5 மணிக்குள் முடித்தால் கரடி, காட்டெருமை நடமாட்டத்துக்கு முன் வீடு சேரலாம். ஜன்னல்களைத் தார்ப்பாயோ கம்பளியோ கொண்டு மூடுங்கள். மூடிய கூடத்தில் 8 அடி அகலப் படத்துக்கு 3000 லூமென்ஸ் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் போதும். த்ரோ ரேஷியோ (திரையிலிருந்து புரொஜெக்டர் இருக்கும் தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது) 1.5 என்றால் திரையிலிருந்து 12 அடி தள்ளி வைக்க வேண்டும். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பார்ப்பதானால் திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும், இல்லையேல் சப்டைட்டிலை முன்னால் இருப்பவர் தலை மறைக்கும். இரண்டு வேட்டியைத் தைத்துத் திரையாக்காதீர்கள், நடுத்தையல் எல்லா முகத்தின் குறுக்கேயும் ஓடும்.

தமிழ் சப்டைட்டிலைத் தனிக் கோப்பாகப் பென்டிரைவில் போட்டால் பல புரொஜெக்டர்களில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், அல்லது வெறும் கட்டங்கள் வரும். கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்து, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் மூலம் படத்தோடு பதித்துவிடுங்கள். வரிக்கு 30 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி, குறைந்தது 3 விநாடி. சிக்னலை நம்பி இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டவே வேண்டாம்.

குளிரில் ஜீப்பில் வந்த புரொஜெக்டரை ஆட்கள் நிறைந்த கூடத்தில் உடனே திறந்தால் லென்ஸில் நீராவி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் உள்ளே வையுங்கள். படிந்துவிட்டால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். மழைக்காலத்தில் கதவு திறந்திருந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து ஒளிக்கற்றை கோடாகத் தெரியும், படத்தில் கறுப்பு சாம்பல் நிறமாகும். திறந்தவெளித் திரையிடலை பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிப் போடுங்கள்.

ஒலி

பெரும்பாலான திரையிடல்கள் கெடுவது இங்கேதான். புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பத்துப் பேருக்குக்கூடக் காணாது. தனி ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வையுங்கள். புளூடூத் வேண்டாம், ஒலி பிந்தி வரும். 'நெய்பர்ஸ்' போல அசைவும் ஓசையும் பின்னிய படத்தில் கால் விநாடித் தாமதம்கூட எல்லாவற்றையும் சிதைத்துவிடும். 10 மீட்டர் கேபிள் வாங்குங்கள். "ங்ங்" என்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் எர்த் கோளாறுதான்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் மெல்லிய ஒலி எதுவும் கேட்காது. ரே படத்தில் புல்லாங்குழல் வரும் இடத்தை ஓட்டிவிட்டுக் கடைசி வரிசையில் போய் நில்லுங்கள். அது தெளிவாகக் கேட்டால் ஒலி அளவு சரி. மழை வலுத்தால் படத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் கொடுங்கள். வால்யூமை மேலும் ஏற்றினால் ஸ்பீக்கர் கரகரக்குமே தவிர மழையை வெல்லாது.

லாம்ப் புரொஜெக்டருக்கு யுபிஎஸ் கட்டாயம். சூட்டோடு மின்சாரம் போனால் விசிறி நின்று பல்பின் ஆயுள் குறையும். எல்இடி வகைக்கு அந்தக் கவலை குறைவு.

பேச்சு

"படம் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். "அந்தப் பையன் இடத்தில் நீங்க இருந்தா ரொட்டியை நாய்க்குப் போட்டிருப்பீங்களா?" என்று குறிப்பிட்ட காட்சியைப் பிடித்துக் கேளுங்கள். பிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள், பெரியவர்கள் தானாக வருவார்கள். படுகு, மலையாளம், எந்த மொழியில் பேசினாலும் பேச விடுங்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார்.

முடிந்ததும் விசிறி நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். பையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், இந்த ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் பிறகு எடுக்க முடியாது.