பருவநிலைக் கருத்துக்கணிப்பா? அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள்

"பருவநிலை நடவடிக்கைக்குப் பெரும்பாலோர் ஆதரவு" என்று தலைப்பு வந்தால் சிலர், "மக்கள் தயார், அரசுதான் தூங்குகிறது" என்கிறார்கள். வேறு சிலர், "கணிப்பே சும்மா" என்று தள்ளிவிடுகிறார்கள். இரு தரப்பும் சறுக்குவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான்.

நோக்கத்துக்குத் தலையாட்டியவர் செலவுக்கும் தலையாட்டுவார் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. இதற்குச் சுவிட்சர்லாந்தைப் பார்த்தாலே போதும். அங்கே நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை மக்கள் வாக்களித்துக் கவிழ்த்துவிடலாம். 2021 ஜூன் 13 அன்று, கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தைக் குறைப்பதற்கான சட்டம் அப்படி வாக்கெடுப்புக்கு வந்தது. முன்கூட்டி எடுத்த கணிப்புகளில் ஆதரவு பாதியைத் தாண்டியிருந்தது. சட்டத்தை எதிர்த்த சுவிஸ் மக்கள் கட்சி, மக்களின் பர்ஸைத் தொட்டுப் பேசியது. பெட்ரோல் லிட்டருக்கு 12 ராப்பன் (100 ராப்பன் ஒரு சுவிஸ் பிராங்க்) வரை ஏறலாம், விமான டிக்கெட்டுக்கு 30 முதல் 120 பிராங்க் வரை கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றது. முடிவு: 51.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

இரண்டே வருடம் கழித்து, 2023 ஜூன் 18 அன்று, 2050-க்குள் நிகர உமிழ்வை (வெளியேற்றும் வாயுவில் திரும்ப உறிஞ்சியது போக மிச்சத்தை) பூஜ்யமாக்கும் சட்டத்துக்கு அதே நாட்டில் 59.1 சதவீதம் ஆதரவு கிடைத்தது. புதுச் சட்டத்தில் புது வரி ஏதும் கிடையாது. பழைய எண்ணெய், எரிவாயு ஹீட்டர்களை மாற்றுகிறவர்களுக்குப் பத்து வருடத்தில் 200 கோடி பிராங்க் உதவி என்று எழுதியிருந்தார்கள். இடையில் உக்ரைன் போர் வேறு வந்து, எரிவாயுவுக்கு வெளிநாட்டை நம்பியிருப்பதன் ஆபத்தைக் காட்டிவிட்டது.

சரி, சுவிஸ்காரர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் அடுத்த தவறு. 2021-இல் அதே நாளில் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான இரண்டு முன்மொழிவுகளும் வாக்கெடுப்புக்கு வந்தன. அவற்றைத் தோற்கடிக்கக் கிராமப்புறம் திரண்டு வந்தது, கையோடு பருவநிலைச் சட்டத்துக்கும் எதிராகக் குத்திவிட்டுப் போனது. அன்று வாக்களித்தவர்கள் சுமார் 60 சதவீதம். 2023-இலோ 42 சதவீதத்தை ஒட்டித்தான். பெருநகரங்கள் உள்ள சூரிச், ஜெனீவா மாநிலங்கள் 2021-லேயே ஆதரவாகத்தான் வாக்களித்தன. யார் சாவடிக்கு வந்தார்கள் என்று பார்க்காமல் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: "எனக்கு அக்கறை இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை" என்ற நினைப்பு. 2022-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு இதைத்தான் அளந்தது. கார்பன் வரி, முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் போன்ற கொள்கைகளுக்கு உண்மையான ஆதரவு 66 முதல் 80 சதவீதம். நாட்டில் எத்தனை பேர் ஆதரிப்பார்கள் என்று கேட்டபோது மக்கள் ஊகித்ததோ 37 முதல் 43 சதவீதம். நம் பக்கம் யாரும் இல்லை என்று நினைப்பவர் வாய் திறப்பதில்லை. அவர் வாய் திறக்காததால் பக்கத்து வீட்டுக்காரரும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்.

இந்தியாவுக்கு வந்தால் சிக்கல் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. 2021–22-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிவோட்டர் என்ற இந்தியக் கருத்துக்கணிப்பு நிறுவனமும் நடத்திய கணிப்பில் 54 சதவீதம் பேர், புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அது என்னவென்று சுருக்கமாக விளக்கியபின், ஆமாம், நடக்கிறது என்றவர்கள் 84 சதவீதம். முதல் எண்ணை அலட்சியம் என்று படிப்பது தவறு. இரண்டாவதை உறுதியான நம்பிக்கை என்று கொண்டாடுவதும், என்னைக் கேட்டால், தவறுதான். விளக்கம் கேட்ட கையோடு ஆமாம் சொல்வது யாருக்கும் எளிது.

கடைசியாக, கேள்வியில் தொகை இருந்ததா என்று பாருங்கள். 2018-இல் அமெரிக்காவில், பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க மின்கட்டணத்தோடு மாதம் ஒரு டாலர் கூடுதலாகத் தருவீர்களா என்று கேட்டபோது 57 சதவீதம் பேர் சரி என்றார்கள். பத்து டாலர் என்றதும் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தார்கள்.