கான்விக்ட் சிக்லிட் தொட்டிக்குத் துணை மீன்கள்: தேர்வு முதல் சேர்ப்பது வரை

உள்ளங்கை நீளம் வளர்வதற்கு முன்பே முழுத் தொட்டிக்கும் பட்டா எழுதிக்கொள்ளும் மீன் கான்விக்ட் சிக்லிட். மத்திய அமெரிக்க ஓடைகளில் பாறை இடுக்குகளை நம்பி வாழ்வது. இடுக்கு பறிபோனால் முட்டையும் குஞ்சுகளும் போய்விடும். ஆகவே அது இடத்துக்காகச் சண்டையிடுவதைக் கெட்ட குணம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் குணத்தோடு ஒத்துப்போகும் துணைகளைத் தேடுவது நம் வேலை. தண்ணீரைப் பக்குவப்படுத்துவதும் வடிகட்டியும் உங்களுக்குத் தெரிந்தவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: தொட்டியை அளந்து பாருங்கள்

லிட்டரைவிட நீளமும் அகலமும் முக்கியம். உயரமான தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தாலும், துரத்தப்படும் மீனுக்கு ஓட வழி இருக்காது. துணை மீன்கள் வேண்டுமென்றால் 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் தொடங்குங்கள். 60 செ.மீ. தொட்டி என்றால் ஒற்றைக் கான்விக்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: ஆணா, பெண்ணா?

நான் சறுக்கியது இங்கேதான். என்னிடம் இரண்டு இருந்தன. பெரியது சாம்பல் நிறம், நீண்ட துடுப்புகள். சிறியதன் வயிற்றில் ஆரஞ்சுப் புள்ளிகள் மின்னின. மீன்களில் ஆணுக்குத்தான் நிறம் அதிகம் என்று படித்திருந்ததால், இரண்டும் ஆண், பெரியதற்கு இன்னும் நிறம் ஏறவில்லை என்று முடிவு செய்தேன். உண்மை நேர்மாறானது. கான்விக்டில் ஆரஞ்சு வயிறு பெண்ணின் அடையாளம். என் தொட்டியில் இருந்தது ஒரு ஜோடி.

ஒரு நாள் மண்சட்டியின் உட்புறத்தில் முட்டைகள் ஒட்டியிருந்தன. ஏறத்தாழ மூன்று நாட்களில் பொரிந்துவிடும். அதற்குள் பெற்றோர் இரண்டும் சேர்ந்து மற்ற மீன்கள் அனைத்தையும் ஹீட்டருக்குப் பின்னால், மேல் மூலையில் ஒடுக்கிவிட்டன. தரையில் இரை தேடும் சிறு கெளுத்தி மீனான கோரிடோராஸ் ஒன்று ஒரு கண்ணை இழந்தது. அதுவரை மாதக்கணக்கில் அமைதியாக இருந்த தொட்டி அது. அந்தக் கண்ணை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

எனவே, துணை மீன்கள் உள்ள தொட்டியில் ஒரே ஒரு கான்விக்ட் வையுங்கள். மிகச் சிறிய வயதில் பாலினம் தெரியாது. அதனால் இரண்டு குஞ்சுகளாக வாங்கவே வேண்டாம்.

படி 3: துணையைத் தேர்ந்தெடுப்பது

மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்க்குள் போகும் அளவா? கான்விக்டைப் போன்ற உருவமா? தரையிலேயே வாழ்வதா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் அது நல்ல துணை.

என் முதல் தேர்வு ஜெயன்ட் டேனியோ. 10 செ.மீ. வரை வளரும், மேல் மட்டத்தில் வேகமாக நீந்தும், குறைந்தது ஆறாகச் சேர்க்க வேண்டும். அவை அச்சமின்றித் திரிவதைப் பார்த்தால் கான்விக்டின் பதற்றமும் தணிகிறது. சற்றுக் கடினமான நீர் என்றால் வாள்வால் மீனும் பொருந்தும். தரையில் ஏதேனும் வேண்டுமென்றால் உறிஞ்சு வாய் கொண்ட கெளுத்தி வகையான பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ ஒன்றே ஒன்று போதும். அதற்குத் தனிக் குகை கட்டாயம்.

நியான் டெட்ரா, கப்பி, ஏஞ்சல், தங்கமீன் வேண்டாம். கோரிடோராஸை ஏன் சொல்லவில்லை என்று இனி விளக்கத் தேவையில்லை. ஃபயர்மவுத் என்ற இன்னொரு சிக்லிட்டும் சரிவராது. அது தொண்டையை உப்பி மிரட்டும். கான்விக்ட் அதற்கெல்லாம் அஞ்சுவதில்லை.

படி 4: பார்வையை மறையுங்கள்

கற்களையும் சட்டிகளையும் அடுக்கி மறைப்பு உண்டாக்குங்கள்; ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியக் கூடாது. கண்ணில் படாத மீனைக் கான்விக்ட் துரத்துவதில்லை. கடைகளில் விற்கும் வண்ணக் கோட்டைகளைவிடச் சாதாரண மண்சட்டிகளையே நான் விரும்புகிறேன். துணை மீனுக்கான குகைக்கு இரண்டு வாசல் இருக்கட்டும்.

படி 5: சேர்க்கும் வரிசை

புதிய மீன்களை இரண்டு முதல் நான்கு வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். பிறகு துணை மீன்கள் முதலில், கான்விக்ட் கடைசியில். கான்விக்ட் ஏற்கெனவே குடியிருந்தால் விளக்கை அணைத்து, கற்களையும் சட்டிகளையும் முழுவதுமாக இடம் மாற்றிவிட்டு, அதன் பிறகு மற்றவற்றை விடுங்கள். பழைய எல்லை குலைந்துவிட்டால் எல்லோரும் புதுக்குடியாகிவிடுவார்கள். மீனை மாற்ற வலை வேண்டாம், துடுப்பு முட்கள் சிக்கும்; ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவே நல்லது.

படி 6: முதல் வாரம்

இரண்டு நொடி துரத்திவிட்டுத் திரும்பிப் போனால் கவலை வேண்டாம். ஒரே மீனைத் தொட்டியின் மறுகோடி வரை விரட்டினாலோ, அது இரை எடுக்காமல் மேல் மூலையில் நின்றாலோ, அன்றே பிரித்துவிடுங்கள். துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை முன்கூட்டியே வெட்டி வைத்திருங்கள்.

பின்சேர்க்கை: படி 4-இன்படி கற்களை அடுக்கிய ஒரு வாசகரின் தொட்டியில் கற்குவியல் சரிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது இது: கான்விக்ட் ஓயாமல் சரளையைத் தோண்டும். கற்களைச் சரளை மேல் வைக்காமல், முதலில் தொட்டியின் அடித்தளத்தில் ஊன்றி வைத்து, அதன் பிறகு சுற்றிலும் சரளையை நிரப்புங்கள். இன்னொருவர், ஒற்றைப் பெண் மீனும் முட்டையிட்டுக் காவல் நிற்கிறதே என்று கேட்டார். ஆம், சில பெண் மீன்கள் அப்படிச் செய்யும். ஆண் இல்லாததால் அந்த முட்டைகள் பொரியாது; சில நாட்களில் பூஞ்சை படர்ந்து வெளுத்துவிடும். அதுவரை சட்டியின் பக்கம் கையை விடாதீர்கள்.